சுருளிப்பட்டி உதாரணம்

7 ஜூலை 2025, திங்கள்

என் பெயர் விஜய்பாண்டி. வயது ஐம்பது. உத்தமபாளையம் அருகே ஒரு கல்லூரியில் இருபத்திரண்டு ஆண்டுகளாக முதலாண்டு மாணவர்களுக்குப் பொருளியல் அறிமுகத்தைத் தமிழில் கற்பித்து வருகிறேன். இவ்வாண்டு முதல் அப்பாடம் ஆங்கிலத்துக்கு மாறுகிறது. ஆசிரியர்களுக்குச் சனிக்கிழமைதோறும் கல்விசார் ஆங்கிலப் பயிற்சி உண்டு. ஐந்தாம் வாரம் ஓர் ஆய்வுக் கட்டுரை அளிக்க வேண்டும். தேறாதவர் வகுப்பிலிருந்து விடுவிக்கப்பட்டுத் தேர்வுப் பிரிவு அலுவலகத்துக்கு மாற்றப்படுவார். பயிற்சியின் பகுதியாக ஆங்கிலத்தில் ஒரு நாட்குறிப்பும் எழுத வேண்டுமாம். அதில் எழுத இயலாதவற்றை இதில் எழுதுவதே என் நோக்கம்.

12 ஜூலை, சனி

ஒன்பது பேரில் நானே மூத்தவன். கற்பிப்பவர் போடியைச் சேர்ந்த மகிமா. ஆங்கிலத் துறையில் சேர்ந்து மூன்றாண்டுதான் ஆகிறது. முதல் விதி: எழுதும் ஒவ்வொரு செய்திக்கும் ஆதாரம் காட்டுக. எனக்கு மிகவும் பிடித்த விதி. வகுப்பு முடிந்ததும் மற்ற எட்டுப் பேரும் தேநீர் குடிக்கப் போனார்கள். நான் நாற்காலிகளை வரிசைப்படுத்திவிட்டு வந்தேன்.

15 ஜூலை, செவ்வாய்

இன்று எனக்கு வகுப்பு இல்லை. மெஸ்ஸில் “சாம்பார் போதும்” என்றேன். காலையிலிருந்து பேசியது அவ்வளவே.

19 ஜூலை, சனி

கட்டுரையின் முதல் வடிவத்தைக் கொடுத்துவிட்டேன். பொருள்: விலையும் அளிப்பும். விலை பறிகூலிக்கும் கீழே இறங்கினால் விவசாயி பழத்தைக் கொடியிலேயே விட்டுவிடுவார் என்பதற்கு, ‘2014இல் சுருளிப்பட்டி விவசாயி ஒருவர்’ தம் பன்னீர் திராட்சையைப் பறிக்காமல் விட்டதைக் காட்டியிருக்கிறேன். பதினோரு ஆண்டுகளாக வகுப்பில் சொல்லிவரும் உதாரணம். அதைச் சொல்லும்போது மட்டும் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும்.

26 ஜூலை, சனி

கட்டுரை திரும்பி வந்தது. அந்த உதாரணத்தின் மேல் சிவப்பு வட்டம்.

“சார், இது எங்கருந்து எடுத்தீங்க?”

“எனக்குத் தெரியும்மா.”

“உங்களுக்குத் தெரியும்கிறது சோர்ஸ் ஆகாதே சார். ஒண்ணு அச்சுல வந்திருக்கணும். இல்ல, அந்த விவசாயிகிட்டயே கேட்டு, அவர் சம்மதத்தோட பேரும் தேதியும் போடணும். கஷ்டம்னா வேற உதாரணம் வச்சுக்கங்க, ஒண்ணும் தப்பில்ல.”

எடுத்துவிடலாம்தான். ஆனால் அது ஆதாரமில்லாத ஒன்று என்றால், பதினோரு ஆண்டுகள் நான் கற்பித்தது என்ன?

27 ஜூலை, ஞாயிறு

இங்காவது எழுதிவிடுகிறேன். அந்த விவசாயி என் அண்ணன் ஈஸ்வரபாண்டி.

2014இல் பாகம் பிரித்தோம். அளந்து பிரிக்க வேண்டும் என்றேன், சர்வேயர் வந்தார். அண்ணனின் திராட்சைப் பந்தலில் ஒரு வரிசை, எட்டடி அகலத்துக்கு, என் பங்கில் விழுந்தது. கல்தூண்களை அகற்றக் கெடு வைத்து நோட்டீஸ் அனுப்பினேன். கொடியில் காய் இருக்கிறது, பறிப்பு முடியட்டும் என்று கேட்டார். கெடு என்றால் கெடுதான் என்றேன். சட்டப்படி என் பக்கம் பிழையில்லை.

அன்றோடு பேச்சு நின்றது. மூன்றாண்டுக்கு முன் என் மனைவி ஹேமாவதி இறந்தபோது துட்டிக்கு, துக்கம் கேட்க, வந்தார், ஓரமாக நின்றார், போய்விட்டார். வந்தவர்தான் முதலில் பேச வேண்டும் என்று நானும் அவள் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தேன்.

30 ஜூலை, புதன்

அண்ணனிடம் போகவில்லை. வேறு உதாரணமும் கிடைக்கவில்லை — தேடவும் இல்லை.

3 ஆகஸ்ட், ஞாயிறு

சுருளிப்பட்டி போனேன். வாசலில் மதினி அக்கம்மாள். “வாங்க தம்பி. என்ன இப்படி எளைச்சுட்டீக? அவுக பந்தல்ல இருக்காக, அங்கன போங்க.”

அண்ணன் அண்ணாந்து கொடி கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் கை நிற்கவில்லை.

“சர்வேயரு வரலையா?”

“இல்லண்ணே.”

“டேப்பு?”

வந்த காரணத்தைச் சொன்னேன். அவர் பெயரைப் போடச் சம்மதம் வேண்டும் என்றேன்.

“எம் பேரு என்னத்துக்குடா? பயலுககிட்ட என்னன்னு சொல்லிக் குடுத்த?”

“வெல விழுந்துருச்சு, பறிகூலிக்குக்கூடக் காணாது, அதான் பழத்த விட்டுட்டீகன்னு.”

“யாரு சொன்னா?”

“பஸ்ல போகையில பாத்தேன். பழம் அழுகித் தொங்குச்சு.”

சிரித்துவிட்டார். “ஏலே, பஸ்ல பாத்ததையா பதினோரு வருசம் பாடம் எடுத்த? பயலுகளும் அத எழுதிப் பாஸாயிட்டானுகளா?”

மதினிதான் சொன்னாள்: “அந்த வருசம் நல்ல வெல தம்பி. யாவாரிக வாசல்லயே வந்து நின்னாக. இவுகதான் பறிக்க ஆள் விட மாட்டேன்னுட்டாக.”

அண்ணன் சணலைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தார். “காய்ச்சு நின்ன ஒரு வரிசைய எங்கையால அறுத்தேன். மிச்சத்தப் பறிக்க மனசு வரலடா.” சுற்றிய சணலைக் கீழே போட்டுவிட்டு, “பேரப் போட்டுக்க. நடந்தத எழுது” என்றார்.

சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றாள் மதினி. மூவரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். மூன்று தட்டுகளின் சத்தம் இருந்தது.

வரும் வழியில் என் எட்டடியைப் பார்த்தேன். சீமைக்கருவேலம் முளைத்துக் கிடக்கிறது. அந்த ஆண்டின் விலையை நான் ஒரு தடவைகூடச் சரிபார்க்கவில்லை. எதையும் சரிபார்க்காமல் விடாத நான். தோன்றவில்லையா? இல்லை, தெரிஞ்சேதான் வெலதான் காரணம்னு வச்சுக்கிட்டேனா?

6 ஆகஸ்ட், புதன்

பழைய வருகைப் பதிவேடுகளை எண்ணினேன். அந்த உதாரணத்தைக் கேட்டவர்கள் அறுநூற்றுப் பன்னிரண்டு பேர்.

9 ஆகஸ்ட், சனி

கட்டுரையைக் கொடுத்தேன். தலைப்பை மாற்றிவிட்டேன்: விலை விளக்காத ஓர் அறுவடை. ஆதாரப் பட்டியலில் ‘ஈஸ்வரபாண்டி, திராட்சை விவசாயி, சுருளிப்பட்டி, நேரில் கூறியது, 3 ஆகஸ்ட் 2025’. மகிமா நின்றபடியே படித்தார். “இங்கிலீஷ்ல இன்னும் கொஞ்சம் சரி பண்ணணும் சார். தேறிடுவீங்க” என்றவர், தாளை மடித்துக்கொண்டே, “இதுல வர்ற தம்பி யாரு சார்?” என்று கேட்டார். நான் என்றேன்.

நாளை சுருளிப்பட்டிக்குப் போகிறேன். யாரும் அழைக்கவில்லை. திங்கட்கிழமை முதல் மணி முதலாண்டு வகுப்பு. பதினோரு ஆண்டுகளாக நான் சொல்லிவந்த அந்த உதாரணம் தவறு என்று அறிவிப்பேன். அந்த விவசாயி என் அண்ணன் என்றும், பழம் அழுகியதற்குக் காரணம் விலை அல்ல, நான் என்றும் சொல்வேன். ஆங்கிலத்தில் ஒரு முறை, தமிழில் ஒரு முறை.