ஏழாவது தூண்

1653, ஏழாம் மாதம் (மார்ச்சிலிருந்து எண்ணி) 6
சோளக்கதிர் உரித்தே கை தேய்ந்துவிட்டது. ஆற்றுக்கு இக்கரையில் எங்களுக்கென்று தனிச் சபை வைத்துக்கொள்ள அனுமதி வந்திருக்கிறது. ஆனால் ஏழு ஆண்கள் வேண்டும். தேவன் தங்கள் மனதைத் தொட்ட கதையை ஒவ்வொருவரும் எல்லார் முன்னும் சொல்லி, வெளியூர்ப் போதகர்களின் ஒப்புதலைப் பெற வேண்டும். அவர்கள்தான் தூண்கள். இப்போது ஆறு பேர் இருக்கிறார்கள். அக்கரைச் சபை மூப்பர் திரஸ்கட் சொன்னாராம்: "அங்க ஏழு மாடு வேணா தேறும்."

பனி தொடங்கும்போது எனக்குப் பிரசவம். பிறந்ததும் வரும் கர்த்தருடைய நாளிலேயே, அந்த ஞாயிறே, ஞானஸ்நானம். போன பனியில் எங்கள் கைக்குழந்தை சேத்தை அதற்காகத்தான் அக்கரைச் சபைக்குப் படகில் கொண்டுபோனோம். குளிர் கண்டு ஆறாம் நாள் போய்விட்டான். இன்னொன்றை அந்தப் படகில் ஏற்றமாட்டேன். மாட்டவே மாட்டேன்.

ஏழாம் மாதம் 9
ஏழாவது ஆள் யாபேஸ்தான் என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். என் கணவர்! தோல் பதனிடுகிறவர், ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினாலே அதிகம். "கூட்டத்துல நின்னு பேசறதா? அதுக்கு என்னையே சுண்ணாம்புத் தொட்டில போட்டுடு எப்சிபா, பேசாம ஊறிக் கிடக்கேன்" என்கிறார்.

ஏழாம் மாதம் 20
அவர் சபை முன் சொல்ல வேண்டியதை நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். பாவ உணர்வு, கண்ணீர், வசனம் எல்லாம் தாராளமாக இருக்கிறது. பசுவிடம் சொல்லிப் பழகுகிறார்.

எட்டாம் மாதம் 11
பாதியில் மறந்துபோகிறார். இன்று கத்திவிட்டேன். பிறகு நானே அழுதேன். ஏன் இந்த மனுஷனைப் போட்டு வதைக்கிறேன்?

எட்டாம் மாதம் 26
இன்று போதகர்கள் வந்து எல்லார் முன்னும் விசாரித்தார்கள். மற்ற ஆறு பேரும் தேறினார்கள். யாபேஸ் நான்கு வரி ஒப்பித்திருப்பார். வெளியூர்ப் போதகர்களில் ஒருவர் நிறுத்தச் சொல்லிக் கையை உயர்த்தினார். "ஐயா, இது உங்க சொந்த வார்த்தையா?"

"இல்லீங்க. என் பெண்டாட்டி எழுதினது."

திரஸ்கட் சிரித்தார். அவ்வளவுதான், எல்லாம் போச்சு. யாபேஸ் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"பையன் செத்தப்புறம் நான் ஜெபமே பண்ணலீங்க. தோல் சீவிக்கிட்டே தேவனைத் திட்டுவேன். ஏன் எடுத்தே, ஏன் எடுத்தேன்னு. அறுப்பு வரைக்கும் திட்டினேன். ஒரு நாள் திடீர்னு தோணுச்சு — அங்க ஆளே இல்லைன்னா நான் யாரைத் திட்டிக்கிட்டிருக்கேன்? கத்தியைக் கீழ வெச்சுட்டேன். அவ்வளவு நாளும் கேட்டுக்கிட்டே இருந்திருக்காருங்க. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

இதை என்னிடம்கூட அவர் சொன்னதில்லை. பையன் போய்ப் பத்து மாதம், ஒரே கூரையின் கீழ்!

அந்தப் போதகர் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ஏழு பேரும் உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டார்கள். வழக்கப்படி மூப்பர் திரஸ்கட்டும் வரிசையில் வந்து எங்களைச் சகோதர சபையாக ஏற்றதற்கு அடையாளமாக ஏழு பேருக்கும் வலது கை கொடுக்க வேண்டியதாயிற்று. நன்றாகப் பார்த்தேன். ஜெயித்துவிட்டோம்! பெருமை பாவம்தான், தெரியும். நாளைக்கு மனம் வருந்திக்கொள்கிறேன்.

ஒன்பதாம் மாதம் 2
எங்களுக்கென்று போதகரை நியமித்தாயிற்று. நான் இன்னும் மனம் வருந்தவில்லை.

ஒன்பதாம் மாதம் 20
பெண். பிறந்து நான்கு நாள். இன்று ஞானஸ்நானம். "பச்சை உடம்போட எங்கடி கிளம்பிட்டே?" என்று மருத்துவச்சி திட்டினாள். "சபை அந்த வேலிக்கு அந்தப் பக்கம்தானே!" என்றேன். கிண்ணத்துத் தண்ணீரில் படிந்திருந்த பனிக்கட்டியைப் போதகர் விரலால் உடைத்தார். யெமீமா என்று பெயர். எங்கள் சபையின் ஞானஸ்நானப் புத்தகத்தில் முதல் பெயர் அவளுடையது.

வீட்டுக்கு வந்து துணியை அவிழ்த்துப் பார்த்தேன். பாதம் இரண்டும் சூடாக இருந்தன.