பந்தயச் சாலையில் பரப்பிய கொள்ளு

அனுப்புநர்:
ம. துரைக்கண்ணு, த/பெ மண்ணாங்கட்டி,
விவசாயி, கூட்டேரிப்பட்டு அஞ்சல்,
திண்டிவனம் வட்டம், தென்னாற்காடு மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு வருவாய்க் கோட்டாட்சியர் அவர்கள்,
திண்டிவனம்.

பொருள்: 26.1.86 பந்தயத்தை முன்னிட்டு, நெடுஞ்சாலையில் என்னையும் சேர்த்து யாரும் கதிர், செடி பரப்பாதிருக்க உத்தரவு வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

நான் எட்டாவது வரை படித்தவன். அதிலும் ஏழாவது இரண்டு முறை. எழுத்தில் பிழை இருக்கலாம், விஷயத்தில் இல்லை.

1. எங்கள் ஊர் சீனுவாசன் குயிலாப்பாளையத்தில் வேலை பார்க்கிறார். அங்கே ஒரு வெள்ளைக்காரரின் பத்திரிகையில், ஏதோ ஒரு தீவில் கடலில் நீந்தி, சைக்கிள் மிதித்து, பிறகு ஓடவும் செய்கிற பந்தயத்தின் படம் பார்த்தாராம். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் கரும்பாறை, நடுவில் துடைத்துவிட்ட சாலை. அதேபோல் இங்கும் வரும் ஞாயிறு நடத்துகிறார். ஏரியில் நீச்சல், திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போய்த் திரும்ப சைக்கிள், கடைசியில் ஓட்டம். பேர் கொடுத்த இருபது பேரில் ஒரே பெண் என் மகள் அம்சா, வயது பத்தொன்பது.

2. நீச்சலுக்கு நான் பயப்படவில்லை. கிணற்றில் என்னைவிட அவள்தான் நன்றாக நீந்துவாள். பயமெல்லாம் சைக்கிள் பாதைதான். அந்தத் தீவில் கொள்ளு விளையாது போலும். இங்கே பொங்கல் கழிந்த வாரம் கேப்பையும் கொள்ளும் ஒருசேரத் தார்ச்சாலைக்கு வந்துவிடும். லாரியும் பஸ்ஸும் ஏறி ஏறி மணி உதிர்த்துக் கொடுக்கும்.

3. கடந்த வெள்ளி காலை நானும் அப்படிப் பரப்பியிருந்தேன். இறக்கத்தில் வேகமாக வந்த ஒரு சைக்கிள் என் கொள்ளில் வழுக்கி விழுந்தது. ஆள் யாரென்று பாராமல், "ஓரமா போவறதுக்கு இன்னா கேடு?" என்று கத்தினேன். விழுந்தது அம்சா. "ஓரம் எங்கப்பா வுட்டுவச்ச?" என்றாள். பின்னால் வந்த லாரி அவள் தலைக்கு நாலு முழத்தில் நின்றது. டிரைவர் இறங்கி என்னைப் பேசியதை மனுவில் எழுத முடியாது. எல்லாம் நியாயமான பேச்சு.

4. அன்றே என் செடியைச் சுருட்டிவிட்டேன். மற்றவர்களைக் கேட்டதற்கு, பக்கத்து நிலத்துப் பெரியதம்பி, "பத்து வருஷமா மொத ஆளா ரோட்ல பரப்பனவன் நீ. இப்ப உம் பொண்ணு வர்றான்னு நாங்க வாரிக்கினு போவணுமாடா?" என்றார். அதனால்தான் தங்களிடம் வந்தேன்.

5. மகளைத் தடுத்தால் போதுமே என்று தாங்கள் கேட்கலாம். என் மனைவி கோவிந்தம்மாள் சாப்பாடு போடமாட்டேன் என்றும் சொல்லிப் பார்த்தாள். முழங்கால் கட்டோடு நேற்று அம்சா விக்கிரவாண்டி வரை மிதித்துவிட்டு வந்தாள். பந்தயத்தை நிறுத்தும்படியும் நான் கேட்கவில்லை. நிறுத்தினால் அவள் என்னோடு பேசமாட்டாள்.

ஆகவே, சனிக்கிழமை மாலைக்குள் சாலையோர ஊர்களில் தண்டோரா போட்டு, ஞாயிறு ஒருநாள் மட்டும் சாலையைக் காலியாக வைக்க உத்தரவிடக் கெஞ்சிக் கேட்கிறேன். மீறினால் அபராதம் என்று ஒரு வார்த்தை சேர்த்தால் கேட்பார்கள். நானே அபராதம் என்றால்தான் கேட்பவன். துடைப்பத்தோடு விடியுமுன் நானும் சாலையில் நிற்பேன். ஆனால் முப்பத்தெட்டு கிலோமீட்டரை ஒருத்தனாகப் பெருக்க முடியாது, ஐயா. உத்தரவு வந்தாலும் வராவிட்டாலும் அவள் சைக்கிளில் ஏறிவிடுவாள்.

இடம்: திண்டிவனம்
நாள்: 20.1.1986

தங்கள் உத்தரவை எதிர்பார்த்து அலுவலக வாசலிலேயே இருக்கும்,
ம. துரைக்கண்ணு