முப்பத்தோரு மைல்

பீட்டர்ஸ்பர்க், அலாஸ்கா
20 மார்ச் 1994

அன்புள்ள ஆர்விட்,

இங்கே நலம். உன் நலம் நீ எழுதினால்தானே தெரியும்? கோபித்துக்கொண்டு நீ ரேங்கலுக்குப் போய் மூன்று குளிர்காலம் ஆகிவிட்டது. என்னவோ உலகத்தின் மறுகோடியில் இருப்பவன் மாதிரி நடந்துகொள்கிறாய். முப்பத்தோரு மைல். விமானம் ஏறினால் பதினோரு நிமிடம். பெல்ட் விளக்கு அணைவதற்குள் இறக்கிவிடுகிறார்கள், ஒரு வாய் காப்பிகூடத் தருவதில்லை.

நம் வீட்டை வாங்க ஆள் வந்திருக்கிறது. நான் இன்னும் பதில் சொல்லவில்லை. ஏப்ரல் முடிவதற்குள் ஒருமுறை வா, நேரில் பேசுவோம். வந்தால் வீடும் இருக்கும், நானும் இருப்பேன். வராவிட்டால் விற்றுவிட்டு சியாட்டிலில் அக்காவோடு போய் இருந்துவிடுவேன். மிரட்டவில்லை. தனியாக விறகு பிளந்து அலுத்துவிட்டது.

இப்போதும் உன் மனைவி,
மாரித்

ரேங்கல்
28 மார்ச் 1994

அன்பு மாரித்,

படகுப் பட்டறையில் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. ஆனாலும் முதலாளி, "பொண்டாட்டியப் பாக்கத்தானே? போய்த் தொலை, திரும்பி வராதே" என்று சிரித்துக்கொண்டே விடுப்புக் கொடுத்தார். ஏப்ரல் ஏழு, வியாழக்கிழமை வருகிறேன். விமான நிலையத்துக்கு வராதே, உனக்கு முழங்கால் வலி. நானே நடந்து வந்துவிடுவேன். ஹாலிபட் மீன் வறுத்து வை.

கோபமெல்லாம் போய் வெகு நாளாயிற்று. வெட்கம்தான் போகவில்லை.

உன்,
ஆர்விட்

ரேங்கல்
9 ஏப்ரல் 1994

அன்பு மாரித்,

என் அதிர்ஷ்டத்தைப் பார். பீட்டர்ஸ்பர்க் மேல் ஒரே மூடுபனி. விமானி இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, இறங்காமலே அடுத்த ஊரான ஜூனோவுக்குக் கொண்டுபோய்விட்டார். நம் ஊருக்கு இது புதிதா? உன் மாமா தன் கல்யாணத்துக்கே இப்படித்தானே ஒரு நாள் தாமதமாக வந்து சேர்ந்தார். மறுநாள் திரும்பும்போதும் ஊர் தெரியவில்லை, நேரே ரேங்கல்தான்.

மே மாதம் வானம் தெளிந்ததும் கட்டாயம் வருகிறேன். வீடு கேட்பவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்.

உன்,
ஆர்விட்

பீட்டர்ஸ்பர்க்
13 ஏப்ரல் 1994

ஆர்விட்,

மீனை வறுத்து மூடி வைத்துவிட்டு, நீ வேண்டாமென்று சொல்லியும் விமான நிலையத்துக்குப் போனேன். நல்ல வெயில். விமானம் இறங்கியது. நாலு பேர் இறங்கினார்கள். நீ இல்லை. கவுண்டரில் இருக்கும் இங்க்ரிட்டிடம் கேட்டேன். அவளுக்குத்தான் வாய் நிற்காதே.

"உன் ஆளு உள்ளதான்டி உக்காந்திருக்காரு. ஜூனோ வரைக்கும் டிக்கெட் எடுத்திருக்காரு. தூங்கிட்டாரோ என்னவோ, போய் எழுப்பட்டுமா?"

"தூங்கலடி. விடு" என்றேன்.

வேலியோரம் நின்று எல்லா ஜன்னலுக்கும் கையசைத்தேன். மறுநாள் நீ திரும்பும் விமானத்துக்கும் போனேன். அன்றும் வெயில்தான்.

திட்டுவதற்காக எழுதவில்லை. பதினோரு நிமிடத் தூரம்தானே, நினைத்தால் வந்துவிடுவான் என்று மூன்று வருஷம் இருந்துவிட்டேன். இனி அப்படி இருக்க முடியாது. வீட்டுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அடுத்த வியாழக்கிழமை கிளம்புகிறேன். அந்த விமானம் ரேங்கலில் இறங்கிவிட்டுத்தான் போகும். நீ வந்து நிற்க வேண்டாம். நான் சியாட்டில் வரைக்கும் டிக்கெட் எடுத்திருக்கிறேன்.

மாரித்