ஓலையில் வாசித்த பெயர்

மே 4

சம்பந்தியம்மாவுக்கு,

வீட்டில் எல்லாரும் சுகம், என் மனசைத் தவிர. நேற்று உங்கள் கத்தோலிக்கக் கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தபோது, என் மகளைப் 'பதித சபைப் பெண்' என்றாராமே உங்கள் உபதேசியார்! பதிதர் என்றால் விழுந்துபோனவர்கள். நாங்கள் எங்கேயம்மா விழுந்தோம்? அவள் நேற்றிலிருந்து சாப்பிடவில்லை. இந்தக் கல்யாணமே வேண்டாமோ என்று தோன்றுகிறது.

பெண்ணின் அப்பா

மே 7

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் தையல் மெஷினை நிறுத்திவிட்டு உபதேசியாரிடம் ஓடினேன். "என்னய்யா இப்படி வாசிச்சு வச்சிருக்கீங்க?" என்றேன். "பழைய புத்தகத்துல அப்படித்தாம்மா இருக்கு" என்று தலையைச் சொறிகிறார். சபைகள் பிரிந்து சண்டை போட்ட காலத்தில் எங்கள் ஆட்கள் கோபத்தில் உங்கள் புராட்டஸ்டன்ட் ஆட்களுக்கு வைத்த பெயராம். வைத்தவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், பெயர் மட்டும் போக மாட்டேன் என்கிறது.

வருகிற ஞாயிறு 'ஆங்கிலிக்கன்' என்று திருத்தி வாசிப்பார்கள். அப்படியென்றால் இங்கிலாந்துச் சபை என்று அர்த்தமாம். உங்கள் வீட்டில் யார் அண்ணா இங்கிலாந்துக்காரர்? உங்கள் கடைசி வரியை என் மகனிடம் காட்டவில்லை. அவன் தாங்க மாட்டான். நடந்ததற்கு என்னை மன்னியுங்கள்.

உங்கள் தங்கை

மே 9

தங்கச்சிக்கு,

கடிதத்தைச் சத்தமாக வாசித்தேன். இங்கிலாந்துக்காரர் வரி வந்ததும் மகள் சிரித்துவிட்டாள், பிறகு இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாள். இப்போது நானும் ஒன்று சொல்ல வேண்டும். என் அப்பா உங்கள் ஆட்களைப் 'பாப்பு மார்க்கத்தார்' என்றுதான் ஏசுவார், போப்பாண்டவர் பின்னால் போகிறவர்களாம். உங்கள் பெயருக்கு முன்னால் 'ரோமன்' என்று ஒட்டவைத்ததிலும் எங்கள் பக்கத்துக்குப் பங்குண்டு. கத்தோலிக்கம் என்றால் எல்லாருக்கும் பொதுவானது. அந்தப் பெயரை உங்களுக்கு மட்டும் விட்டுக்கொடுக்க எங்களுக்கு மனசு வரவில்லை. ஆக, ஏச்சில் இரண்டு வீடும் சளைத்ததில்லை. கல்யாண வேலையைப் பாருங்கள்.

அண்ணன்

மே 11

அண்ணா,

நேற்று உங்கள் மகள் யாரிடமும் சொல்லாமல் எங்கள் கோயிலுக்கே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். உபதேசியார் ஒழுங்காக வாசித்தார். வெளியே வந்ததும் பக்கத்துத் தெருக்காரி பிடித்துக்கொண்டாள்.

"யாரு இந்தப் பொண்ணு? எந்தச் சபை?"

"என் மருமக" என்றேன்.

"அது சரி, எந்தச் சபைன்னு கேட்டேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் உங்கள் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தைதான் சொல்லிட்டாங்களே, அப்புறம் என்ன?" என்றாள்.

தங்கச்சி