ஜன்னலில் மஞ்சள் விளக்கு

ஐப்பசி, வெள்ளி இரவு

தான் கட்டப்போகும் வீட்டின் படத்தைப் பார்க்க செல்வி அக்கா இன்று விழுப்புரத்தில் இருக்கும் என் கடைக்கு வந்தார். கம்ப்யூட்டரில் காலை வெயில் சுவரில் சாய்வாக விழும்படி ஒளி அமைத்திருந்தேன். நிஜ வீடு போலவே இருந்தது. எனக்கே பெருமை.

"விடியறதுக்குள்ள திண்டிவனம் பஸ் புடிக்கணும் தம்பி. வேலை முடிஞ்சு இருட்டினப்புறம்தான் வர்றேன். அந்த நேரத்துல வீடு எப்படிங்க இருக்கும்?" என்றார்.

சூரியனை இறக்கினேன். வானத்தைக் கருநீலமாக்கி, ஜன்னல்களுக்குள் மஞ்சள் விளக்குகளைப் போட்டேன். மாலைப் படம் என்றால் எப்போதும் செய்வதுதான்.

அக்கா வெகுநேரம் பார்த்தார். "நான் ஒண்டியாத்தான இருக்கப்போறேன். நான் வர்றதுக்கு முன்னாடி யாருங்க லைட்டு போட்டது?"

எனக்குச் சுருக்கென்றது. அவர் வீட்டுக்காரர் தவறிப்போனது தெரிந்தும் எனக்குத் தோன்றவில்லையே. விளக்குகளை அணைக்க மவுஸை நகர்த்தினேன்.

"அணைச்சிடாதீங்க," என்றார். "எரிஞ்சிக்கினு இருக்கட்டும். இப்படியே பிரிண்ட் போட்டுக் குடுங்க."

இருட்டினால் தானாக எரியும் பல்பு ஒன்றை அக்கா கட்டும் வீட்டு ஜன்னலுக்கு உள்ளேயே மாட்ட முடியுமா என்று நாளை எலெக்ட்ரீஷியனிடம் கேட்க வேண்டும்.