ஹாலில் போட்ட டென்ட் கோடு

ஜெனி,

பல்லாவரம் ஐசக் அண்ணன் எனக்குத் தரவேண்டிய கூலி பாக்கி 4,350 ரூபாய். அதற்குப் பதில் கேம்பிங் டென்ட் தருகிறாராம், சின்னதோ பெரியதோ நம் இஷ்டம். "கூலிக்கு துணி வூடா? கேம்பிங்குக்கு நான் வரல, நீயும் புள்ளைங்களும் போங்க" என்று நேற்று கத்தினாய்.

சின்ன டென்ட்டின் பையில் ‘நாலு பேர்’ என்று எழுதியிருந்ததை நானே படித்தேன். எப்படிப்பட்ட நாலு பேரோ! ஹாலில் நூல் பிடித்து இரண்டு டென்ட்டின் அளவுக்கும் சாக்பீஸ் கோடு போட்டேன். சின்னதில் நானும் பிள்ளைகள் இரண்டு பேரும் படுத்து, உன் இடத்தில் தலையணை வைத்தோம். என் கால் வெளியே போய்விட்டது. பெரியதில் நீ கோபித்துக்கொண்டு திரும்பிப் படுக்கவும் இடம் இருக்கிறது. வந்ததும் படுத்துப் பார்.

ரசம் வைத்துவிட்டேன், அப்பளம் மட்டும் பொரி.

அருள்

பி.கு: ஐசக் அண்ணன் இப்போதுதான் போன் செய்தார். "பெருசையே குடுண்ணா, நாங்க நாலு பேரு. கணக்கு தீர்ந்துச்சு" என்று சொல்லிவிட்டேன்.