சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம்

11.8.1984, சனி

பேத்தி மாலதி ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடிந்து குனோங் ராபாட் வீட்டுக்குப் பத்திரமாக வர வேண்டும். அதற்காகப் பழைய கார் பார்க்கப் போனோம். நாங்கள் பார்க்கும் முன்பே, விற்பவன் நான்கு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைத்திருந்தான்.

"பாட்டி, நல்ல நேரம் முடியப் போவுது லா. வண்டிய பழத்து மேல ஏத்தச் சொல்லுங்க."

பழம் நசுங்கிய பிறகு வேண்டாம் என்றால் அபசகுனம். மாலதி சாவியை வாங்கிவிட்டாள். நான் கதவைத் திறந்து காலடி விரிப்பைத் தூக்கினேன். அடியெல்லாம் காய்ந்த சேறு; மழை வெள்ளத்தில் மூழ்கிய வண்டி.

"ஆம்பள யாராச்சும் வந்திருந்தா வெளக்கிச் சொல்லியிருப்பேன்," என்றான்.

"ஏன்டா, ஆம்பள வந்தா சேறு சந்தனமாயிடுமா?"

நான்கு பழத்தையும் பொறுக்கிக்கொண்டு வந்துவிட்டேன். இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. பத்தரைக்கு நல்ல நேரம் என்று அவனுக்கு முன்கூட்டியே சொல்லியனுப்பியவள் நான்தான்.